முரசுநோயும் முரசுநோய் நிபுணரின் பணியும்
மலையக ஆய்வொன்றை முன்வைத்து ஒரு நோக்கு

பல்நோய் என்றவுடன் எம்மவர் நினைவுக்கு முதலில் வருவது பற்சூத்தையே. சூத்தை வலியைத் தருவது. இரவுத் துயிலைக் கெடுப்பது. எனவே, அது நோயாளியை வைத்தியரிடம் விரைந்து செல்லத் தூண்டுகின்றது. ஆனால், சூத்தை சிறிதுமற்ற பற்கள், பார்வைக்கு உறுதியாகவே தோன்றும் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஆடி விழுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். இதனை முதுமையின் இயல்பென்று கொள்வதே பெருவழக்கு. நரையும் திரையும் போலப் பல் விழுதலும் வயதோடு வருவது என்னும் எண்ணம் எம் சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது.

இவ்வெண்ணம் பிழையானது. பல்லைத் தாங்கிநிற்கும் இழையங்களில் உண்டாகும் நோயொன்றே இவ்வாறு பற்களை வீழ்த்துகின்றது. ஈழத்தவர் முரசு என்றும் தமிழகத்தார் ஈறு என்றும் வழங்கும் தசையில் அந்நோய் தொடங்குவதால், அதனை முரசுநோய் எனலாம். அந்நோயை ஆராய்வதற்கும் தடுப்பதற்கும் மாற்றுவதற்குமெனப் பல்மருத்துவத்தில் தனித்துறையொன்று வளர்ந்துள்ளது. அத்துறை நிபுணர் செய்யும் பணி யாது, அப்பணி எத்தகைய அறிவை அடிப்படையாகக் கொண்டது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வறிவின் முக்கியமான பகுதியொன்று எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது என்பதை எம்மிற் பலர் அறியார். ஆதலின், அதனையும் இங்கு விரிவாக நோக்குவோம்.

பல்லும் அதன் தாங்கிகளும்

பல், தாடை என்பில் ஆணி அடித்தாற்போல் இறுகப் பொருந்தியிருப்பதன்று. பல்வேருக்கும் என்புக்குமிடையே நுண்ணிய நார்க்கட்டு ஒன்றுண்டு. அதன் இழைகளுள் ஒரு முனை வேரைப் போர்த்திருக்கும் சீமெந்துப் படையிலும் மறுமுனை என்பிலும் பதிந்திருக்கின்றன. நாம் மெல்லும்போது பல்லின்மீது விழும் பாரத்தை இக்கட்டுத் தாங்கிப் பகிர்ந்தளிக்கின்றது. இவை அனைத்தையும் மேலிருந்து மூடிக் காப்பது முரசு. முரசின் விளிம்புக்கும் பல்லுக்குமிடையே ஆழங்குறைந்த பள்ளமொன்று இயல்பாகவே உண்டு. நோயற்ற வாயில் அதன் ஆழம் பொதுவாக 3 மில்லிமீற்றரை விஞ்சுவதில்லை. முரசு, நார்க்கட்டு, சீமெந்து, தாடை என்பு ஆகிய நான்கும் ஒருங்கே பல்லின் தாங்கிகள் எனப்படும். முரசுநோய் நிபுணர் பல்லுக்கு வைத்தியஞ் செய்பவர் என்பதிலும் பல்லின் தாங்கிகளுக்கு வைத்தியஞ் செய்பவர் என்பதே பொருத்தமாகும்.

நோய் தோன்றுமாறு

துலக்கிய பல்லின்மீது சில மணி நேரத்துள்ளேயே பற்றீரியாக்கள் ஒட்டிப் பெருகத் தொடங்குகின்றன. அவை மென்மையான, ஒட்டுந்தன்மை வாய்ந்த படலமாகப் படிகின்றன. வழக்கில் நாம் பல்லூத்தை என்பது இதனையே. வாய் கொப்பளிப்பதால் மட்டும் இது நீங்காது. உரோஞ்சியே நீக்கல் வேண்டும். நீக்காது விடின் உமிழ்நீரிலுள்ள கல்சியம், பொசுபேற்று ஆகிய கனிப்பொருள்கள் இதிற் படிந்து இறுகிப் பற்காரையாக மாறுகின்றன. காரை படிந்தபின் தூரிகை பயன்தராது. சொரசொரப்பான அதன் மேற்பரப்பில் மேலும் மேலும் படலம் சேரும்.

படலமே முரசழற்சிக்கு நேரடிக் காரணம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது 1965 ஆம் ஆண்டிலாகும். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஹரல்ட் லோ என்னும் நோர்வேஜிய அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஆரோக்கியமான முரசையுடைய 12 பேரைப் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தும்படி பணித்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் முரசழற்சி உண்டாயிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முரசு பழைய நிலையை எய்தியது. நோயை விரும்பியவாறு தோற்றுவிக்கவும் மாற்றவும் முடியும் என்பதை மிக எளிய முறையிற் காட்டிய ஆய்வு இது.

முரசழற்சி முற்றாக மாறக்கூடியது. முரசு சிவந்து தடித்தலும், துலக்கும்போது இரத்தங் கசிதலும் அதன் அறிகுறிகள். ஆனால், அழற்சி நீடிப்பின் சிலரிடத்து அது உள்நோக்கிப் பரவுகின்றது. முரசு பல்லைவிட்டுப் பிரிய, இடையிலுள்ள பள்ளம் ஆழ்ந்து முரசுப்பையாகின்றது. காற்றுப் புகாத அப்பையினுள் ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் போராட்டமே நார்க்கட்டையும் என்பையும் கரைத்துவிடுகின்றது. இவ்வாறு கரைந்த என்பு தானாக மீள வளர்வதில்லை. இவை யாவும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்கின்றன என்பதுதான் இந்நோயின் கொடுமை. பல் ஆடத் தொடங்கிய பின்னரே நோயாளி வைத்தியரை நாடுகின்றார். அதற்குள் தாங்கியின் பெரும்பகுதி அழிந்துவிடுகின்றது.

மலையகத்தில் நிகழ்ந்த ஆய்வு

தடுப்பும் சிகிச்சையும் இல்லாதவிடத்து இந்நோய் எவ்வளவு விரைவில் முன்னேறும்? எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் முன்னேறுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஒரே மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தல் வேண்டும். லோவும் அவரோடு பணியாற்றிய ஓனருட், பொய்சன் முதலியோரும் இரு குழுவினரைத் தெரிந்தெடுத்தனர். ஒன்று, 1969 இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரிற் சேர்க்கப்பட்ட 565 ஆண்களைக் கொண்டது; அவர்கள் சிறுவயது முதல் ஒழுங்கான பற்சிகிச்சை பெற்ற மாணவரும் கல்விமான்களுமாவர். மற்றையது, 1970 இல் பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களிற் சேர்க்கப்பட்ட 480 ஆண் தொழிலாளரைக் கொண்டது. இவர்கள் பற்தூரிகையை அறியாதவர்கள். பல்நோய்த் தடுப்போ சிகிச்சையோ எத்திட்டத்தின் மூலமும் பெற்றிராதவர்கள்.

தொழிலாளரின் பற்களில் படலமும் காரையும் நிறைந்திருந்தன. ஏறக்குறைய எல்லா முரசுகளிலும் அழற்சி காணப்பட்டது. ஆயினும், சூத்தை அவர்களிடம் இல்லையென்றே கூறலாம். எனவே, அவர்கள் இழந்த பற்களை முரசுநோயாலேயே இழந்தனர் எனக் கொள்ள முடிந்தது. இவ்வாய்வின் தனிச்சிறப்பு இதுவாகும்.

முதற்கட்ட ஒப்பீடு 1978 இல் வெளிவந்தது. நாற்பது வயதை அணுகும் நோர்வேஜியர் ஒருவர் பல்லின் பற்றிலிருந்து சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக இழந்திருந்தார். அதே வயதை அணுகும் தோட்டத் தொழிலாளி நாலரை மில்லிமீற்றர் இழந்திருந்தார். இங்கே பற்று என்பது, நார்க்கட்டு வேரோடு பொருந்தியிருக்கும் எல்லையைக் குறிக்கும்.

தோட்டத் தொழிலாளர் 1970 முதல் 1985 வரை பல தடவைகள் பரிசோதிக்கப்பட்டனர். 480 பேரில் 161 பேரே இறுதிப் பரிசோதனைக்கு எஞ்சியிருந்தனர். இடைப்பட்ட காலம், 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் மலையகத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலமென்பதும், 1975 இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட காலமென்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன.

1986 இல் வெளியான முடிவுகள் உலகெங்குமுள்ள பல்மருத்துவ மாணவர் கற்கும் பாடமாயின. ஒரே தோட்டத்தில், ஒத்த வாழ்க்கை நிலையில், ஒத்த அளவு ஊத்தை படிந்த வாய்களோடு வாழ்ந்த அம்மக்களிடையே மூவகையினர் இனங்காணப்பட்டனர். நூற்றுக்கு 8 வீதமானோரிடத்து நோய் மிக விரைவாக முன்னேறியது. அவர்கள் இருபது வயதளவிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, 35 வயதில் சராசரியாக 12 பற்களையும் 40 வயதில் 20 பற்களையும் இழந்து, 45 வயதில் பல்லற்றவராயினர். 81 வீதமானோரிடத்து நோய் நடுத்தர வேகத்திற் சென்றது; முப்பதுக்கு மேலேயே பல்லிழப்புத் தொடங்கி, 45 வயதிற் சராசரியாக 7 பற்கள் இழக்கப்பட்டிருந்தன. எஞ்சிய 11 வீதமானோரிடத்து நோய் முரசழற்சியோடு நின்றுவிட்டது. அவர்கள் நோயினாற் பற்களை இழந்தனர் என்று கூறத்தக்க நிலை இல்லை.

இம்முடிவுகளிலிருந்து பெறப்படும் உண்மைகள் இரண்டு. முதலாவது, பல் விழுதல் வயதின் விளைவன்று. முதுமையே காரணமாயின் ஒரே வயதினர் மூவகையாகப் பிரியார். 45 வயதுக்குள் ஒருவர் எல்லாப் பற்களையும் இழக்க இன்னொருவர் எதனையும் இழவாதிருத்தல் கூடாது. இரண்டாவது, ஊத்தை நோயைத் தொடக்கி வைப்பதாயினும் அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஊத்தை மட்டுமன்று. ஆளுக்காள் வேறுபடும் நோயேற்புத் தன்மையும் உண்டு. பரம்பரை, புகைபிடித்தல், நீரிழிவு ஆகியன அத்தன்மையைக் கூட்டுவன என்பதைப் பிற ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டுப்படாத நீரிழிவு முரசுநோயை வளர்க்கின்றது. முற்றிய முரசுநோயும் குருதியின் வெல்ல அளவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகின்றது. புகைபிடிப்போரின் முரசில் இரத்தக் கசிவு குறைந்து காணப்படுமாதலின், நோய் உள்ளே வளர்ந்தும் வெளியே மறைந்திருக்கும்.

2010 ஆம் ஆண்டில், முதற் பரிசோதனைக்கு நாற்பதாண்டுகளின் பின், அம்மக்களுள் 75 பேர் மீண்டும் கண்டறியப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். நாற்பதாண்டுகளில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தனர். ஒரு பல்லையும் இழவாதவரும் 28 பற்களை இழந்தவரும் அவர்களுள் இருந்தனர்.

நிபுணரின் பணி

முரசுநோய்ச் சிகிச்சை புதியதன்று. பிரான்சு நாட்டுப் பியர் ஃபோஷார் 1728 இல் வெளியிட்ட பல்மருத்துவ நூலிலேயே காரையை அகற்றுவதற்கான கருவிகளைப் பற்றிக் கூறியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் வாழ்ந்த ஜோன் றிக்ஸ், பல்லிற் படிவனவற்றை முற்றாக அகற்றுவதே சிகிச்சையின் அடிப்படை என வற்புறுத்தினார். இந்நோய் சிலகாலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1914 இல் அமெரிக்காவில் இத்துறைக்கான கழகத்தைத் தோற்றுவித்தவர்கள் ஜிலெற் ஹேடன், கிறேஸ் றொஜர்ஸ் ஸ்போல்டிங் என்னும் இரு பெண் வைத்தியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நிபுணரின் முதற் பணி அளத்தலாகும். மில்லிமீற்றர்க் கோடுகள் பொறித்த மெல்லிய கருவியொன்றை முரசுக்கும் பல்லுக்கும் இடையே மென்மையாகச் செலுத்தி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் அளக்கப்படுகின்றது. 28 பற்களுள்ள வாயில் இவ்வாறு 168 அளவுகள் பெறப்படும். பையின் ஆழத்தை மட்டும் அளத்தல் போதாது. முரசு வீங்கியிருப்பின் பை உள்ளதினும் ஆழமாகத் தோன்றும். முரசு கீழிறங்கியிருப்பின் ஆழங் குறைவாகத் தோன்றும். ஆதலால், பன்முடியைப் போர்த்திருக்கும் மிளிரி முடிந்து வேர் தொடங்கும் நிலையான எல்லையிலிருந்து பற்று எவ்வளவு விலகியுள்ளது என்பதும் கணிக்கப்படும். இரத்தங் கசியும் இடங்கள், பல்லின் ஆட்டம், கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் இடத்தின் நிலை ஆகியனவும் குறிக்கப்படும். ஊடுகதிர்ப் படம் என்பின் இழப்பைக் காட்டும். 2018 இல் வெளியான சர்வதேச வகைப்படுத்தலின்படி, நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பது நான்கு நிலைகளாகவும், எவ்வளவு விரைவில் முன்னேறக்கூடியது என்பது மூன்று தரங்களாகவும் பிரித்துக் கூறப்படுகின்றது. முற்றிய அளவையும் முன்னேறும் வேகத்தையும் வெவ்வேறாக மதிப்பிடும் இம்முறைக்கும் பூண்டுலோயாவிற் கண்ட மூவகையினருக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. இருபத்தைந்து வயதினர் ஒருவரிடம் 4 மில்லிமீற்றர் இழப்புக் காணப்படுமாயின், அது எழுபது வயதினரிடம் காணப்படும் அதே அளவு இழப்பிலும் பன்மடங்கு அச்சந் தருவதாகும்.

இரண்டாவது பணி கற்பித்தலாகும். தூரிகையை முரசு விளிம்பில் எவ்வாறு சாய்த்துப் பிடிப்பது, தூரிகை புகாத பல்லிடைகளை எதனால் துப்புரவு செய்வது என்பவற்றை நோயாளியின் கையாலேயே செய்வித்துப் பழக்குவர். இதனைச் சிறு பணியென எண்ணுதல் தவறு. நோயாளியின் அன்றாட ஒத்துழைப்பில்லாதவிடத்து எத்தகைய சிகிச்சையும் நிலைப்பதில்லை.

மூன்றாவது, காரையகற்றலும் வேர்ப்பரப்பைத் துப்புரவாக்கலுமாகும். வேண்டுமிடத்து விறைப்பு ஊசியிட்டு, வளைந்த கூர்விளிம்புக் கருவிகளாலோ மீயொலி அதிர்வினால் இயங்கும் கருவிகளாலோ பையின் அடிவரை சென்று படிவுகள் அகற்றப்படும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலின் உணர்வையே துணையாகக் கொண்டு செய்யும் வேலையாதலின் இது மிகுந்த பயிற்சியை வேண்டுவது. காரையை அகற்றினாற் பல் ஆடும், பல்லின் பலம் குறையும் என்றோர் அச்சம் மக்களிடையே நிலவுகின்றது. ஆட்டத்துக்குக் காரணம் முன்னரே அழிந்துபோன என்பாகும். காரை நீங்கியதும் மறைந்திருந்த இழப்பு வெளித்தெரிகின்றது, அவ்வளவே. அழற்சி தணிந்தபின் முரசு இறுகிப் பல்லின் ஆட்டமும் பெரும்பாலும் குறையும்.

சில வாரங்களின்பின் மீண்டும் அளந்து பார்ப்பர். பெரும்பாலான பைகள் ஆழங் குறைந்திருக்கும். ஆழ்ந்தே நிற்குமிடத்து அறுவைச் சிகிச்சை வேண்டப்படலாம். முரசைக் கீறி மடலாக விரித்து, வேரையும் என்பையும் நேரே கண்டு துப்புரவாக்கி, முரசைப் பொருத்தித் தைப்பர். இழந்த தாங்கியை மீள வளர்க்கும் முயற்சிகளும் உள. சுவீடன் நாட்டு நைமன், லின்டே முதலியோர் முரசுக்கும் வேருக்குமிடையே மென்சவ்வொன்றை இட்டு, விரைந்து வளரும் முரசிழையம் உட்புகாது தடுத்து, நார்க்கட்டின் கலங்கள் வேரின்மேல் வளர வழிசெய்யலாம் என 1982 இல் மனிதப் பல்லொன்றிற் காட்டினர். ஆனால், இம்முறை என்பின் இழப்புச் சில குறிப்பிட்ட வடிவங்களில் அமைந்திருக்கும்போதே நற்பயன் தரும். இழந்ததனைத்தையும் மீட்கும் வல்லமை எச்சிகிச்சைக்கும் இன்றுமில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பதே நிபுணரின் தலையாய பணி.

பேணுதலின் பயன்

சிகிச்சை முடிந்தபின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நோயாளி மீண்டும் வருதல் வேண்டும். நோயேற்புத் தன்மை சிகிச்சையால் மாறுவதில்லையாதலின் இப்பேணற் காலம் வாழ்நாள் முழுவதும் நீள்வது.

இதன் பயனைச் சுவீடனின் கால்ஸ்ராட் நகரில் அக்செல்சனும் லின்டேயும் தொடங்கிய ஆய்வு தெளிவாக்குகின்றது. 1971–72 ஆம் ஆண்டுகளில் 375 பேர் தடுப்புத் திட்டத்திலும் 180 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் சேர்க்கப்பட்டனர். முதற் குழுவினர் தொடக்கத்தில் இரு மாதங்களுக்கொரு முறையும் பின்னர் மூன்று மாதங்களுக்கொரு முறையும் துப்புரவும் பயிற்சியும் பெற்றனர். ஆறாண்டுகளில் வேறுபாடு வெளிப்படையாயிற்று. ஒப்பீட்டுக் குழுவை அந்நிலையிற் தொடர்வது கைவிடப்பட்டது. முதற் குழுவினருட் 30 ஆண்டுகளின்பின் எஞ்சியிருந்தோரைப் பரிசோதித்தபோது, அவர்கள் இழந்த பற்கள் வயதுப் பிரிவுக்கேற்பச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரையே இருந்தன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை வேர்முறிவினால் இழக்கப்பட்டவை.

தோட்டத் தொழிலாளர் நாற்பதாண்டுகளில் இழந்த பற்கள் சராசரியாகப் பதின்மூன்று. கால்ஸ்ராட்டில் பேணப்பட்டோர் முப்பதாண்டுகளில் இழந்தவை இரண்டினுங் குறைவு. இரு நாட்டினரின் வாழ்க்கை நிலைகளும் வெவ்வேறானவை. ஆதலின் இவ்வெண்களை அப்படியே ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்தல் முற்றிலும் முறையாகாது. எனினும், நோய் தன்போக்கில் விடப்படும்போது நிகழ்வது யாது, ஒழுங்காகப் பேணப்படும்போது நிகழ்வது யாது என்பதற்கு இவ்விரண்டிலும் சிறந்த சான்றுகளில்லை.

தீராத கடன்

இங்கு ஒரு வினாவை எழுப்பாது செல்லுதல் தகாது. முரசழற்சி எளிதில் மாறக்கூடியது என்பது 1965 இலேயே நிறுவப்பட்ட உண்மை. அவ்வாறாயின், 1970 இன்பின் பதினைந்து ஆண்டுகள் தோட்டத் தொழிலாளரின் நோய் ‘இயற்கைப் போக்கில்’ அவதானிக்கப்பட்டதை நாம் எவ்வாறு மதிப்பிடல் வேண்டும்? அம்மக்களைச் சிகிச்சையற்ற நிலையில் வைத்தவர்கள் ஆய்வாளரல்லர். அந்நிலை தோட்ட வாழ்க்கையில் ஏலவே இருந்தது. ஆய்வாளர் அதனைக் கண்டு பதிந்தனர். எனினும், நோயைக் கண்டறிந்தவர் அதனை நோயாளிக்கு அறிவித்துச் சிகிச்சைக்கு வழிகாட்டல் வேண்டுமென்பது இன்றைய ஆய்வொழுக்கத்தின் அடிப்படை. கால்ஸ்ராட்டில் ஆறாண்டுகளிற் கைவிடப்பட்ட ஒப்பீட்டு நிலையை எண்ணிப் பார்ப்போர், பூண்டுலோயாவின் பதினைந்து ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் இயல்பே. இவ்வாய்வின் அறிவியற் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் பெறுமதி உயர்ந்ததாயிருப்பதனாலேயே, அதனைத் தந்த மக்களுக்கு நாம் பட்ட கடனும் பெரிதாகின்றது.

அக்கடனைத் தீர்க்கும் வழி கடினமானதன்று. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்னும் பழமொழியை வழங்கும் சமூகம் எமது. துலக்குதலின் இன்றியமையாமையை எம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. அவ்வுணர்வைத் தூரிகைக்கும் பல்லிடைத் துப்புரவுக்கும் விரித்தல் வேண்டும். வெற்றிலை பல்லுக்குப் பலந்தரும் என்னும் நம்பிக்கையைக் களைதல் வேண்டும். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவன என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை சிறுவரையே நோக்காகக் கொண்டது. முரசுநோயோ பள்ளிப் பருவங் கடந்து, உழைக்கும் வயதில் முற்றுவது. ஆதலின், தோட்ட மருந்தகங்களிலும் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிலும் வளர்ந்தோரின் முரசைப் பரிசோதிக்கும் ஒழுங்கு செய்யப்படின், விரைவாக நோய் முற்றும் இயல்பினரை இருபது வயதிலேயே இனங்கண்டு நிபுணரிடம் அனுப்ப முடியும். அனைவரையும் நிபுணரிடம் அனுப்புதல் எந்நாட்டிலும் இயலாது. யாரை முதலில் அனுப்புவது என்பதைக் கற்பித்தவர்கள் பூண்டுலோயாத் தொழிலாளர்களே.

துலக்கும்போது இரத்தங் கசியுமாயின் அது நோயின் அறிகுறி. துலக்குவதை நிறுத்தாது, மேலும் கவனமாகத் துலக்கி, வைத்தியரை நாடுதல் வேண்டும். இந்த எளிய செய்தி எமது தோட்டக் குடியிருப்புகள்தோறும் சென்றடைதல் வேண்டும். அங்கிருந்து பெற்ற அறிவை அங்கேயே திருப்பி அளிப்பது, அதனை அறிந்த எம்மனைவரதும் கடமையாகும்.